ஒரே ரிஃப், இரண்டு பாட்டு: போவியும் நிர்வானாவும்

ஒரு பாட்டின் அசலையும், இன்னொருவர் அதைத் தன் பாணியில் வாசிக்கும் கவரையும் கிட்டாரில் அடுத்தடுத்து வாசித்து, எங்கே என்ன மாறுகிறது என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசை. எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவியின் 'தி மேன் ஹூ சோல்டு தி வேர்ல்டு'. 1970-ல் அதே பெயர் கொண்ட ஆல்பத்தில் வந்தது. 1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் எம்டிவி அன்ப்ளக்டு நிகழ்ச்சிக்காக அமெரிக்க ராக் குழு நிர்வானா இதை வாசித்தது. நிர்வானா வழியாகத்தான் போவியிடம் வந்து சேர்ந்தேன். என்னைப் போல நிறையப் பேர் உண்டு.

முதல் வேலை ட்யூனிங். போவி சாதாரண ட்யூனிங். நிர்வானா எல்லாத் தந்தியையும் அரைச் சுரம் இறக்கியிருக்கிறது. இரண்டு பதிவையும் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் போட்டு, நிர்வானாவை மட்டும் அதே அரைச் சுரம் ஏற்றிவிட்டேன். அப்புறம் ட்யூனிங்கை மாற்றாமலே இரண்டோடும் சேர்ந்து வாசிக்க முடிந்தது.

ரிஃப், அதாவது பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, ரொம்பச் சுலபம். மூன்றாம் தந்தி ஒன்றிலேயே திறந்த சுரம், இரண்டாம் ஃப்ரெட், மூன்றாம் ஃப்ரெட், இந்த மூன்றும்தான் சுற்றி வருகின்றன. விரலுக்கு வேலையே இல்லை. சூட்சுமம் அடியில் இருக்கிறது: மேலே இதே சுரங்கள் சுற்றிச் சுற்றி வர, கீழே கார்டு ஏ, டி மைனர், எஃப் என்று நகர்கிறது. திறந்த மூன்றாம் தந்தியின் 'ஜி' சுரம் ஏ கார்டின் மேல் விழும்போது ஒரு நிறம், எஃப் மேல் விழும்போது வேறு நிறம். கார்டுகளை லூப்பரில் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் கருவி) பதிந்துவிட்டு மேலே ரிஃபை ஓட்டினால்தான் இது காதில் ஏறுகிறது. ரிஃபை மட்டும் தனியாக எத்தனை முறை வாசித்தாலும் பிடிபடாது.

கோரஸில் சி, எஃப், பிறகு திடீரென்று டி ஃப்ளாட். வீட்டுக்குள் யாரோ தெரியாத ஆள் நுழைந்த மாதிரி இருக்கும் அந்த கார்டு. பாட்டின் அமானுஷ்யத்தில் பாதி அதில்தான் என்பேன். போவியின் பதிவில் டோனி விஸ்கோண்டியின் பேஸ் இந்த இடத்தில் படிப்படியாக மேலே ஏறுகிறது. நிர்வானாவும் இதையெல்லாம் விடவில்லை. கவர் என்றால் தலைகீழாகப் புரட்டியிருப்பார்கள் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வாசித்துப் பார்த்தால் எலும்புக்கூடு அப்படியே அதேதான்.

பிறகு ஏன் இரண்டும் வெவ்வேறு பாட்டாகக் கேட்கிறது? போவியில் வரிவரியாக வெட்டுப்போட்ட குயிரோவைக் குச்சியால் தேய்க்கும் 'கிர்ர்' சத்தம் விடாமல் வருகிறது. குரலையும் ஃபேசர் என்ற ஒலி விளைவில் போட்டு, தூரத்தில் யாரோ பாடுவதுபோல் ஆக்கியிருக்கிறார்கள். நிர்வானா இரண்டையும் எடுத்துவிட்டது. நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபேனின் குரல் எந்த மேக்கப்பும் இல்லாமல் நேராக முகத்துக்கு எதிரே நிற்கிறது. அடியில் லோரி கோல்ட்ஸ்டனின் செல்லோ. போவி கதை சொல்கிறார், கோபேன் சாட்சி சொல்கிறார். எனக்குப் பட்டது அப்படித்தான்.

'அன்ப்ளக்டு' (மின் இணைப்பு இல்லாமல்) என்ற பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம். கோபேன் அக்கூஸ்டிக் கிட்டாரை, ஒலியை மாற்றும் பெடல் வழியாக ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) போட்டுத்தான் வாசித்தார். ஆம்ப்பை மானிட்டர் ஸ்பீக்கர் மாதிரி மறைத்து வைத்திருந்தார்கள். நானும் பிக்கப் வைத்த அக்கூஸ்டிக்கை, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலில் செருகிப் பார்த்தேன். உடனே ஊளை. ஆம்ப்புக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, கிட்டாரின் வால்யூமைப் பாதிக்குக் குறைத்து, வாசிக்காத தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிய பிறகுதான் அந்தக் கரகரப்பு கட்டுக்குள் வந்தது.

நடுவில் 1974-ல் ஸ்காட்லாந்துப் பாடகி லூலு இதே பாட்டைப் பாடியதும் உண்டு. போவியே தயாரிப்பில் இருந்து சாக்ஸபோனும் ஊதியது, பிரிட்டனில் 3-ஆம் இடம் வரை போனது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் என் கிட்டாருக்கு அதில் வேலை இல்லை.

இப்போது நிற்பது முடிவில். போவி சொல்லில்லாத குரல்களை அடுக்கடுக்காகப் போட்டு மெல்ல மங்க விடுகிறார். நிர்வானா அந்தக் குரல் மெட்டையே கிட்டாரில் வாசித்து முடிக்கிறது. என் வீட்டில் நாலு குரலுக்கு வழியில்லை என்பதால் கிட்டார் வழியைத்தான் பிடித்திருக்கிறேன். செல்லோவுக்குப் பதில் கீபோர்டில் ஒரு நீளச் சுரத்தை அமுக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மெட்டு கைக்கு வந்துவிட்டது, கீபோர்டு சத்தம்தான் இன்னும் பொருந்தவில்லை.