பில்லில் இருக்கும் சின்னக் குறி

இன்று இங்கே ஆஸ்திரேலியாவில் கடை பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கு, பால், ரொட்டி எதற்கும் ஜிஎஸ்டி இல்லை. பிஸ்கட்டுக்கும் சூடாக வாங்கிய வறுத்த கோழிக்கும் மட்டும் வரி உண்டு என்று பக்கத்தில் சின்னதாக ஒரு குறி.

உணவுக்கான இந்த வரிவிலக்கு சும்மா கிடைக்கவில்லை. 1999இல் பிரதமர் ஜான் ஹோவர்ட் அரசு உணவு உட்பட பெரும்பாலான பொருள்களுக்கும் சேவைகளுக்கும் 10 சதவீத ஜிஎஸ்டி போடப் பார்த்தது. நாடாளுமன்ற மேலவையான செனட்டில் அரசுக்குப் பெரும்பான்மை இல்லை, டாஸ்மேனியா மாநிலத்தின் சுயேச்சை செனட்டர் பிரையன் ஹாராடினும் முடியாது என்று சொல்லிவிட்டார், அப்புறம் ஆஸ்திரேலிய டெமாக்ரட்ஸ் கட்சியிடம்தான் போக வேண்டியிருந்தது. அதன் தலைவி மெக் லீஸ் பேரம் பேசி அடிப்படை உணவுப் பொருள்களை வரியிலிருந்து எடுக்க வைத்தார். வரி 2000 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது.

ஆனால் கட்சிக்குள்ளேயே பிளவு. அதன் செனட்டர்கள் நடாஷா ஸ்டாட் டெஸ்போயாவும் ஆண்ட்ரூ பார்ட்லெட்டும் வரியை எதிர்த்து வாக்களித்தார்கள், 2001இல் லீஸ் தலைமைப் பதவியையே இழந்தார், 2007 தேர்தலோடு செனட்டில் அந்தக் கட்சிக்கு ஓரிடம்கூட மிஞ்சவில்லை. சரிவுக்கு இந்தப் பேரம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், பெரிய காரணம் இதுதான்.

லீஸ் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. உணவுக்கு வரி வேண்டாம் என்று 1998இல் சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள், அதை வாங்கியும் கொடுத்தார்கள். பொருளாதாரத்தை யார் நன்றாக நடத்துகிறார்கள் என்று இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறிச் சண்டை போடும்போது, குறைந்த சம்பளக்காரர் வீட்டுக் காய்கறிச் செலவைப் பற்றிக் கவலைப்பட்டது ஒரு சின்னக் கட்சி.