கயிற்றுக்குப் பின்னால் சுதந்திரதேவி

1917 ஜூனில் வெளியான சாப்ளினின் ‘தி இமிகிரன்ட்’ குறும்படத்தை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். கப்பலில் வந்தவர்கள் சுதந்திரதேவி சிலையை வியந்து நோக்கிக்கொண்டிருக்கும்போதே அதிகாரிகள் குறுக்கே கயிற்றைக் கட்டி அவர்களை மந்தைபோல் ஒதுக்குவதும், சார்லி அந்தச் சிலையை இன்னொரு முறை ஐயத்தோடு திரும்பிப் பார்ப்பதும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. அதே ஆண்டு பிப்ரவரியில்தான், அதிபர் வில்சனின் வீட்டோவையும் மீறி, எழுத்தறிவுத் தேர்வைக் கட்டாயமாக்கும் குடியேற்றச் சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியிருந்தது. சார்லி அதிகாரியைப் பின்புறத்தில் உதைப்பதைவிட (சிரிப்பு என்னவோ அதற்குத்தான் அதிகம்) அந்தக் கயிறே கூர்மையான அரசியல் என்பேன். ஆயினும், படத்தின் பிற்பாதி உணவகத்தில், கையில் காசில்லாதவனின் அச்சத்திலேயே நிலைகொண்டுவிடுகிறது. எட்னா பர்வியன்ஸ் ஏற்ற பெண்ணுக்கோ பெயர்கூட இல்லை.