கல்லறையில் கேப்டன், பட்டியலில் லெப்டினன்ட்

எங்கள் ஊரின் பழைய கன்டோன்மென்ட் கல்லறைத் தோட்டத்தில், வேப்பமரத்தடியில் சாய்ந்து கிடக்கும் ஒரு கல்லை மூன்று மாதங்களுக்கு முன்பு ஈரத்துணியால் துடைத்துப் படிக்க முயன்றேன். பெயரின் முற்பாதி உதிர்ந்துவிட்டிருந்தது. எஞ்சியிருந்தவை பெயரின் பிற்பாதியும், 'கேப்டன்' என்ற சொல்லும், ரெஜிமென்ட் (படைப்பிரிவு) எண்ணும், கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட காலாட்படையான மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி என்பதைக் குறிக்கும் எழுத்துகளும், 1823 என்ற ஆண்டும் மட்டுமே. அந்த மனிதர் யார் என்று தேடப் புறப்பட்டதில்தான் ராணுவ அதிகாரிகளின் பட்டியல்கள் எனக்கு நெருக்கமாயின.

பிரிட்டனில் இத்தகைய பட்டியல் முதன்முதலில் 1740இல் அச்சானது. 1754 முதல் ஆண்டுதோறும் அதிகாரபூர்வமாக வெளிவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளை அறிய, 1803 முதல் லண்டனில் அச்சான 'ஈஸ்ட் இண்டியா ரெஜிஸ்டர்' இருக்கிறது. மதராஸ், வங்காளம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணப் படைகளின் அதிகாரிகளும் ரெஜிமென்ட் வாரியாக அதில் இடம்பெறுகிறார்கள். பிரிட்டிஷ் தரைப்படை, கடற்படை, விமானப்படைப் பட்டியல்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

இவை வரலாற்று ஆய்வாளருக்காகத் தொகுக்கப்பட்டவை அல்ல. யாருக்கு யார் மூத்தவர், அடுத்த காலியிடம் யாருக்கு, போர்க்களத்தில் தளபதி வீழ்ந்தால் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லவே இவை அச்சிடப்பட்டன. ஆகவே பக்கத்தின் உயிர் பெயரில் இல்லை. பெயருக்கு எதிரே நிற்கும் கமிஷன் தேதியில், அதாவது அதிகாரியாக நியமன ஆணை பெற்ற நாளில், இருக்கிறது. பிரிட்டனின் அரசப் படையில் 1871 வரை காலாட்படை, குதிரைப்படைப் பதவிகளைப் பணம் கொடுத்து வாங்க முடிந்தது. கம்பெனிப் படையிலோ பதவி உயர்வு பெரும்பாலும் பணிமூப்பின்படியே கிடைத்ததால், ஒரே நாளில் கமிஷன் பெற்ற இருவரில் யார் பெயர் மேலே அச்சாகிறது என்பதுகூட ஒருவரின் வாழ்நாள் முழுவதையும் தீர்மானித்துவிடும்.

என் தேடலில் முதல் தடுமாற்றம் ரெஜிமென்ட் எண்ணால் வந்தது. கைக்கு எளிதாகக் கிடைத்த பிற்காலப் பட்டியல் ஒன்றில் அந்த எண்ணைப் பார்த்து, பொருந்தும் பெயர் எதுவும் இல்லாமல் இரண்டு வாரங்களை வீணாக்கினேன். 1824இல், பட்டாலியன் எனப்படும் உட்பிரிவுகள் இரண்டைக் கொண்டிருந்த ரெஜிமென்ட்டுகள் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பட்டாலியனும் புதிய எண்ணோடு தனி ரெஜிமென்ட் ஆக்கப்பட்டது என்ற செய்தி பின்னரே என் கண்ணில் பட்டது. கல்லறையில் இருந்தது பழைய எண். நான் தேடியது புதிய எண்ணில். மதராஸ் படையைப் பற்றித் தேடும் எவரும் முதலில் இந்த 1824ஐ மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

உரிய ஆண்டின் ரெஜிஸ்டரைத் திறந்தபோது, கல்லில் எஞ்சிய பெயரின் பிற்பாதியோடு பொருந்தும் ஒருவர் கிடைத்தார். ஆனால் அவர் கேப்டனுக்கு ஒரு படி கீழான லெப்டினன்ட்டுகளின் வரிசையில் இருந்தார். தவறான ஆள் என்று கருதி மூடிவிட இருந்தவன், பக்கத்தின் அமைப்பை நிதானமாகப் பார்த்த பிறகே புரிந்துகொண்டேன். ரெஜிமென்ட்டுக்குள் ஒருவர் வகிக்கும் பதவி வேறு, படை முழுவதிலும் அவருக்குள்ள தகுதிநிலை வேறு. இரண்டும் தனித்தனியாகக் குறிக்கப்படும். ரெஜிமென்ட்டில் காலியிடம் இல்லாமல் நீண்ட காலம் லெப்டினன்ட்டாகவே தேங்கி நின்றவர்களுக்கு, பதினைந்து ஆண்டுப் பணிக்குப் பின் 'பிரெவெட் கேப்டன்' என்ற தகுதியைக் கம்பெனி அளித்தது. கல்லைச் செதுக்கியவர்கள் அவருக்கு உரிய மரியாதையைக் கொடுத்தார்கள், பட்டியல் அவர் நின்ற இடத்தைக் காட்டியது. இரண்டுமே உண்மைதான். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே படியில் நின்ற மனிதரின் காத்திருப்பு, அந்த இரு பதவிகளுக்கும் இடையே இருப்பதை உணர்ந்தபோது எனக்கு மனம் கனத்தது.

இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். மரணச் செய்தி கப்பலேறி லண்டனை அடையப் பல மாதங்கள் ஆகும். அதனால் இறந்தவர்களின் பெயர்கள், அவர்கள் புதைக்கப்பட்ட பின்னும் அடுத்த பதிப்பில் உயிருள்ளோர் வரிசையிலேயே அச்சாகியிருக்கும். பட்டியலில் பெயர் இருப்பதை, அந்த ஆண்டில் அவர் உயிரோடு இருந்ததற்குச் சான்றாகக் கொள்ளவே கூடாது.

தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்த கர்னல் பென்னிகுவிக்கைத் தேடுபவருக்கும் இப்படியொரு கண்ணி உண்டு. அவர் 1858இல் மதராஸ் என்ஜினியர்ஸில் கமிஷன் பெற்றவர். கம்பெனி ஆட்சி முடிந்து, 1862இல் அந்தப் பொறியாளர் படைப்பிரிவு அரசப் படையின் ராயல் என்ஜினியர்ஸோடு இணைந்தது. ஆகவே அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் பெயரை அங்கே தேட வேண்டும். முல்லைப் பெரியாறு அணை கட்டப்பட்ட 1887 முதல் 1895 வரையிலான பட்டியல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அணையோடு சேர்ந்து அவருடைய பதவியும் எப்படி உயர்ந்தது என்று தெரியவரும். நம் ஊர் மேடைகளில் அவரைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளுக்குப் பட்டியல் சாட்சி சொல்லாது. ஆனால் எந்த ஆண்டில் அவர் என்ன பதவியில் இருந்தார் என்பதில் வீண் விவாதத்துக்கு அது இடம் வைக்காது.

இவ்வளவு துல்லியமான ஏடுகளில் எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. அந்தக் கேப்டனின் ரெஜிமென்ட் பக்கத்தை மீண்டும் மீண்டும் பார்த்தேன். அவருடன் அணிவகுத்த சிப்பாய்கள் மட்டுமல்ல, இந்திய அதிகாரிகளான சுபேதார், ஜமேதார் ஆகியோரின் பெயர்கள்கூட அதில் இல்லை. நூற்றுக்கணக்கானோர் கொண்ட படையில் ஐரோப்பிய அதிகாரிகளின் பெயர்களே அச்சேறின. முப்பது ஆண்டுகள் பணியாற்றிய மூத்த சுபேதாரும் நேற்று வந்திறங்கிய பதினேழு வயது ஐரோப்பிய இளைஞனுக்குக் கீழேதான் நிற்க வேண்டியிருந்தது. அந்த இளைஞனின் பெயர் ஏட்டில் இருக்கிறது, சுபேதாரின் பெயர் இல்லை.

இங்கிலாந்தில் அதிகாரிகளைப் பயிற்றுவிக்கும் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் இந்தியர்களுக்கு ஆண்டுக்குப் பத்து இடங்கள் 1918இல்தான் திறக்கப்பட்டன. திருச்செங்கோட்டுக்கு அருகிலுள்ள குமாரமங்கலத்தைச் சேர்ந்த பி. பி. குமாரமங்கலம், இங்கிலாந்தின் மற்றொரு கல்லூரியான உல்விச் ராணுவக் கல்லூரியில் பயிற்சி முடித்து 1933இல் மன்னரின் கமிஷன் பெற்றார். 1966இல் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியானார். அடுத்து அவருடைய தலைமுறையின் இந்திய ராணுவப் பட்டியல்களைப் படிக்க இருக்கிறேன். கமிஷன் தேதியை மட்டும் பார்த்து மூப்பு எழுதும் அந்த ஏட்டில், அவர் பெயருக்குக் கீழே எத்தனை ஆங்கிலப் பெயர்கள் நின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.