அந்த மலைக்கு அந்தாண்ட ஒரு நாடு

வடக்கு தாய்லாந்துல சியாங் ராய்ல இருந்து பஸ், அப்புறம் சோங்தேவ், அதாவது பின்னாடி ரெண்டு பெஞ்சு போட்ட பிக்கப் வண்டி, முழங்கால் இடிச்சுக்கிட்டே மலை ஏறி பான் தெர்ட் தாய் போய் சேந்தேன். பழைய பேரு பான் ஹின் தேக். அபின் ராஜா குன் சாவோட கேம்ப் இங்கதான் இருந்துச்சு, 1982ல தாய்லாந்து ஆர்மி அடிச்சு வெரட்டுற வரைக்கும். இப்போ அது மியூசியம். ஊர்ல பேச்சு குடுத்தா ரோடு போட்டாரு, ஸ்கூல் கட்டினாருன்னு மரியாதையாத்தான் சொல்றாங்க!

எல்லை தாண்டி பர்மாவுக்குள்ள போன குன் சா 1996ல பர்மா ஆர்மிகிட்ட சரண்டர் ஆனாரு, கதை முடிஞ்சுதுன்னு பாத்தா இல்ல, எல்லையோரமா அவர் வெச்சிருந்த இடத்துல ‘வா’ன்னு ஒரு மலை இனம், அவங்க ராணுவம் வந்து உக்காந்துருச்சு. 1989ல பர்மா கம்யூனிஸ்ட் கட்சியை கவுத்துட்டு தனியா வந்தவங்க, தலைவர் பாவ் யூசியாங். வடக்க சீன எல்லையில அவங்க தலைநகர் பாங்சாங்ல செலவுக்கு யுவான், போனுக்கு சீன நெட்வொர்க், அவங்க சரின்னு சொல்லாம பர்மா சிப்பாய் ஒருத்தன் உள்ள போக முடியாது. ஆனா தனி நாடு குடுன்னு கேக்கவும் மாட்டாங்க, கேட்டா நாங்க மியான்மர்தான்னு சொல்லுவாங்க. செம டெக்னிக்.

காசு எங்கேர்ந்து? எல்லாரும் நெனைக்கிற மாதிரி தலைவரே மூட்டை கட்டி விக்கணும்னு இல்லங்க. வெளஞ்ச அபின்ல ஒரு பங்கு வரி, சரக்கு ஏத்தின கோவேறு கழுதை கடந்து போனா வழிவரி, அபினை ஹெராயினா காய்ச்சுற லேபுக்கு காவல் கூலி. நாம டோல்கேட்ல கட்டுறோமே, அதே கணக்குதான். சிப்பாய் சோறு, துப்பாக்கி, ரோடு எல்லாம் அதுலதான் ஓடுச்சு. 2005ல அபினுக்கு தடை போட்டாங்க, அதே வருஷம் ஜனவரில அமெரிக்கா பாவ் மேல கேஸும் போட்டுச்சு. தடையில அடி வாங்கினது அபின் எடுக்குற கசகசா செடிய நம்பி அரிசி வாங்கின மலை சனம்தான். மெத்துங்கிற போதை மாத்திரைக்கு, இங்க யாபான்னு சொல்றாங்க, நெலமும் வேணாம் மழையும் வேணாம், கெமிக்கல் டிரம் வந்து எறங்கினா போதும். போதைத் தொழில நாங்க விட்டுட்டோம்னு வா தலைவருங்க சொல்றாங்க, நான் நம்பல. அப்புறம் ரப்பர், ஈயச் சுரங்கம்னு தொழிலும் பெருகிடுச்சு, ஈயம்னா வெள்ளீயம்.

திரும்பி எறங்கும்போது செக்போஸ்ட். நான் வாங்கின ஊலாங் டீ பாக்கெட்டை பிரிச்சு மோந்து பாத்துட்டு குடுத்தாரு சிப்பாய். பக்கத்துல அகாங்கிற மலை இனத்து பாட்டி ஒருத்தங்க, அவங்க கோஸ் மூட்டைக்குள்ள கம்பிய விட்டு நாலு குத்து. பாட்டி ஒண்ணுமே பேசல, ஓட்டையான கோஸை மட்டும் தனியா எடுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க.