பிள்ளை குடித்துவிட்டு வந்த இரவும் மறுநாளும்

இலங்கை மலையகத்துப் பையன்கள் முதன்முதலில் குடிப்பது பெரும்பாலும் வீட்டாருக்கு முன்கூட்டியே தெரிந்த நாட்களில்தான். தீபாவளி, தேர்த் திருவிழா, சாதாரண தரப் பரீட்சை முடிந்த நாள், இழவு வீட்டில் கண்விழிக்கும் இரவு, கொழும்பில் கடை வேலை செய்யும் அண்ணன்மார் லீவில் வரும் நாள். அன்றைக்குப் பையன் தள்ளாடி வந்து வாசலில் நின்றால் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். அப்பா கையை ஓங்குவார், அம்மா அழுவார், பக்கத்துக் காம்பரா கதவு திறக்கும். அதன்பிறகு பையனைக் கட்டிலில் தள்ளிவிட்டு எல்லாரும் படுத்துவிடுவார்கள். அந்த இரவில் பேசவே கூடாது, படுக்கவிட்டுப் போகவும் கூடாது. இரவுக்கு முதலுதவி, மறுநாளுக்குப் பேச்சு. இரண்டையும் கலந்தால் இரண்டுமே கெடும்.

முதலில் தோளைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கண்ணைத் திறந்து ஒழுங்காகப் பதில் சொல்லி, உட்கார முடிந்தால் உட்கார வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். கூப்பிட்டும் கிள்ளியும் எழும்பவில்லை என்றால் அது தூக்கமில்லை, மயக்கம்; அது ஒன்றே 1990க்கு அழைக்கப் போதும். கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். எட்டுக்குக் குறைவாக இருந்தாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையில் பத்து விநாடிக்கு மேல் போனாலோ, உதடும் நகமும் நீலம் பாய்ந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, மயக்கத்திலேயே வாந்தி எடுத்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தோட்டப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த டிவிஷன், எந்தப் பாதையால் வரவேண்டும், தொழிற்சாலையா கோயிலா எது அடையாளம் என்று சொல்லி, ஒருவரை டோர்ச்சோடு பிரதான வீதிக்கு அனுப்புங்கள். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வாகனம் ஏறாது என்றால் அதையும் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். தூக்கிக்கொண்டு இறங்க நேர்ந்தால் மல்லாக்கக் கிடத்தித் தூக்காமல் பக்கவாட்டில் வைத்தே தூக்குங்கள்.

"தூங்கி எழும்பினா சரியாயிடும்" என்பதை நம்பக் கூடாது. கடைசி மடக்குக் குடித்த பிறகும் வயிற்றில் இருப்பது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். படுக்கும்போது உளறிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு மணித்தியாலம் கழித்து மூச்சே மந்தமாகிக் கிடக்கலாம். தொண்டைக்குள் ஏதாவது போனால் இருமித் தள்ளும் உணர்வையும் மது மழுங்கடித்துவிடும். மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் அது மூச்சுக் குழலுக்குள் இறங்கும். குடித்த இரவில் பிள்ளைகள் உயிர் போவதற்கு இது முக்கியமான காரணம்.

அதனால் பக்கவாட்டில் படுக்க வைக்கும் முறை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவன் மல்லாந்து கிடக்க, நீங்கள் ஒரு பக்கம் முழந்தாளிடுங்கள். உங்கள் பக்கத்துக் கையைத் தோளுக்கு நேரே வெளியே நீட்டி வையுங்கள். எதிர்ப்பக்கக் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, புறங்கை உங்கள் பக்கம் இருக்கும் அவன் கன்னத்தோடு ஒட்டும்படி பிடித்துக்கொள்ளுங்கள். மற்றக் கையால் எதிர்ப்பக்க முழங்காலை மடக்கித் தூக்கி, அதைப் பிடித்து உங்கள் பக்கம் இழுத்தால் முழு உடம்பும் தானாகவே உருண்டு வரும். மேலே இருக்கும் கால் மடங்கியபடியே இருக்கட்டும், அது முட்டுக்கொடுக்கும். தலையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி விடுங்கள். லயத்துக் கட்டில் ஒடுக்கம், உருண்டு விழுவான், ஆகவே தரைதான் நல்லது. ஆனால் சீமெந்துத் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சும். கீழே இரண்டு சாக்கு, அதன்மேல் பாய், மேலே கம்பளி. பக்கத்தில் ஒருவர் விழித்திருந்து அடிக்கடி மூச்சைப் பார்க்க வேண்டும்.

குளிரைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். "குளிருக்கு நல்லது" என்று சொல்லியே நம் ஊரில் சாராயம் ஊற்றிக் கொடுக்கிறார்கள், தடிமனுக்குப் பிள்ளைக்கே பிராந்தி கொடுப்பவர்களும் உண்டு. மது தோலுக்குக் கீழே உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. சூடான இரத்தம் தோலுக்கு வருவதால் வெதுவெதுப்பாகத் தெரியும், அதே வழியாக உள்சூடு வெளியே போய்விடும். தை மாசிப் பனியில் நுவரெலியாப் பக்கம் ஒரு பையன் குடித்துவிட்டுத் தேயிலை மலைக் கானில் விழுந்து கிடந்தால், குடி மட்டுமல்ல, குளிரும் சேர்ந்து கொல்லும். அதனால்தான் தலையில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. பிளேன் டீ, தேசிக்காய், மோர் எதுவும் போதையை இறக்காது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது புரை ஏறுவதற்கு வழி. எழும்பாத பிள்ளையின் வாயில் எதையுமே ஊற்ற வேண்டாம்.

குடித்தது கசிப்பு, அதாவது கள்ளச்சாராயம், என்றால் கணக்கே வேறு. அதில் எத்தனை வீதம் மது இருக்கிறது என்று காய்ச்சியவனுக்கே தெரியாது. தொழிற்சாலை ஸ்பிரிட் கலந்திருந்தால் மெத்தனோல் என்ற விஷம் இருக்கலாம். அது உடனே காட்டாது. பன்னிரண்டு மணித்தியாலம், ஒரு நாள் கழித்தும், போதை தெளிந்த பிறகு தலைவலி, வயிற்று வலி, கண் மங்கல், பனி பெய்வது போல வெள்ளையாகத் தெரிவது என்று தொடங்கும். "ஹாங்கோவர்" என்று விட்டால் கண் போகும், உயிரும் போகும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், "கசிப்பு குடிச்சிருக்கான்" என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு கொடுத்தால்தான் பயன்.

"பியர் மட்டும்தான் குடிச்சேன்" என்று அவன் சொன்னதும் பல அப்பாக்களுக்கு மூச்சு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கால் போத்தல், அதாவது 180 மில்லிலீற்றர் சாராயத்தில், 33 வீதம் என்று வைத்தால் சுமார் 47 கிராம் சுத்த மது இருக்கிறது. 625 மில்லிலீற்றர் சாதாரண பியர் போத்தலில் 5 வீதப்படி சுமார் 25 கிராம். அதே அளவு ஸ்ட்ரோங் பியரில், 8.8 வீதம் என்றால், 43 கிராம் வருகிறது. ஒரு ஸ்ட்ரோங் பியரும் ஒரு கால் போத்தலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும், ஆகவே கால் போத்தல் இறங்க 5 முதல் 7 மணித்தியாலம் ஆகும். 45 கிலோ பையனை 70 கிலோ அப்பாவின் அளவோடு ஒப்பிட முடியாது. பெண் பிள்ளைகளுக்கு அதே எடையிலும் உடம்பில் நீர் குறைவு என்பதால் இரத்தத்தில் இன்னும் கூடுதலாக ஏறும். பெண் பிள்ளை குடித்தாள் என்றால் வீட்டார் மானத்தைப் பார்த்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம்தான் எனக்குப் பெரிய பயம்.

மறுநாள் காலையில் பேச வேண்டாம். தலைவலியோடும் வெட்கத்தோடும் இருப்பவன் எதற்கும் "ம்" போடுவான். பகல் சாப்பாடு முடியட்டும். லயத்துக்குள்ளும் வேண்டாம், காம்பராச் சுவருக்கு இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். ஊரே கேட்கிறது என்று தெரிந்த பிள்ளை உண்மை சொல்லாது. பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் சாக்கில், அல்லது மலைப் பாதையில் கூட நடந்தபடி, அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் பேசுங்கள். அருகருகே நடக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, அது இருவருக்கும் லேசு.

"ஏன்டா குடிச்ச?" என்று தொடங்கினால் பதில் வராது, ஏனென்றால் பெரும்பாலும் அவனுக்கே தெரியாது. "நேத்து ரொம்பப் பயந்துட்டேன் சாமி. என்னா குடிச்சீங்க, எவ்வளவு?" என்று கேளுங்கள். என்ன, எவ்வளவு, யார் வாங்கினது, எங்கே வைத்து, எப்படி வீட்டுக்கு வந்தான், இந்த ஐந்தும் தெரிந்தாலே போதும். சொல்லச் சொல்ல குறுக்கே பாயாதீர்கள். பிறகு உங்கள் நிலையை இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள்: "இந்த வயசுல குடிக்கக் கூடாது, எங்க வீட்ல அதுக்கு இடமில்ல. ஆனா எங்கயாவது மாட்டிக்கிட்டா எந்த ராத்திரியும் எனக்குப் போன் போடு, அந்த ராத்திரி ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்." தெரிந்த திரீவீல்காரர் ஒருவரின் இலக்கத்தை அங்கேயே அவன் போனில் பதிந்து கொடுங்கள்.

கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அடுத்த முறை தவறினால் குடியோடு சேர்த்துச் சாமிக் குற்றத்தையும் மறைக்க வேண்டியிருக்கும், அதனால் அவன் இன்னும் தூரப் போவான். அடியும் அப்படித்தான், குடியை நிறுத்தாது, வீட்டுக்கு வருவதை நிறுத்தும். பிறகு அந்த இரவில் மூச்சை எண்ண ஆளே இருக்காது. தண்டனை வேண்டும், ஆனால் ஒன்று போதும், நாள் குறித்ததாக இருக்கட்டும்: இரண்டு வாரம் ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும், கைச்செலவுக் காசுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பதினைந்தாம் நாள் சொன்னபடி விட்டுவிடுங்கள். சொன்னதைப் பாதியில் கைவிடும் வீட்டிலும், முடிந்த பிறகும் குத்திக்காட்டும் வீட்டிலும் அடுத்த சொல் எடுபடாது.

இனி அப்பாமாருக்கு. சம்பள நாளில் மகனிடம் காசு கொடுத்து "கால் ஒண்ணு வாங்கிட்டு வா" என்று அனுப்புவது நம் தோட்டங்களில் சாதாரணம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது குற்றம். சட்டத்தை விடுங்கள், கடைக்காரன் முகம் பழகுவதும், விலை தெரிவதும், கையில் போத்தலின் கனம் பழகுவதும் அந்தத் தூதில்தான். மிச்சத்தை யன்னலில் வைத்துவிட்டுத் தூங்குவதும் அப்படியே. நீங்கள் குடிப்பவராக இருந்தால் பிள்ளையிடம் "நானே குடிக்கிறேன், உன்னை எப்படிக் கேப்பேன்" என்று பின்வாங்க வேண்டாம். "எனக்குப் பழகிப்போச்சு, விட முடியாம கஷ்டப்படுறேன், உனக்கு அது வேணாம்" என்று சொல்லும் அப்பாவைப் பிள்ளை கேட்கும். அதோடு அந்த மாதம் ஒரு சம்பள நாளாவது வீட்டில் போத்தல் இல்லாமல் போகட்டும்.

"வீட்லயே கொஞ்சம் ஊத்திக் குடுத்துப் பழக்கினா வெளிய போய்க் குடிக்க மாட்டான்" என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சுமார் 1,900 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. பெற்றோர் கொடுப்பதால் பாதுகாப்பு என்பதற்கு அதில் சான்றே கிடைக்கவில்லை. அப்படிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் பிறகு வேறு இடங்களிலும் வாங்கிக் குடிப்பது கூடியிருந்தது. அமெரிக்காவில் 1990களில் நடந்த பெரிய ஆய்வொன்றில், 15 வயதுக்கு முன்னே குடிக்கத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் பிறகு குடிக்கு அடிமையானார்கள், 20க்குப் பிறகு தொடங்கியவர்களில் பத்துப் பேர். ஆகவே முதல் மடக்கை ஒவ்வொரு ஆண்டு தள்ளிப்போடுவதும் லாபம்தான்.

ஒரு முறை குடித்தவன் குடிகாரனில்லை. ஆனால் தனியாகக் குடிப்பது, காலையில் குடிப்பது, நேற்று நடந்தது நினைவில்லாமல் போவது, வீட்டில் காசு காணாமல் போவது, பள்ளிக்கூடம் அடிக்கடி தவறுவது இவற்றில் ஒன்று இருந்தாலும் பேச்சோடு நிறுத்தாதீர்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 1929 சிறுவர் உதவி இலக்கம். பக்கத்து ஆதார வைத்தியசாலையில் மனநலப் பிரிவைக் கேளுங்கள், தோட்ட டிஸ்பென்சரியில் கடிதம் வாங்கிக்கொண்டு போகலாம். தினமும் குடிக்கும் பிள்ளையை அறையில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், கை நடுங்கி வலிப்பு வரலாம். "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்" என்று விளம்பரம் செய்யும் மருந்துகளையும் தொடாதீர்கள். சிலவற்றில் இருப்பது மதுவோடு சேர்ந்தால் நெஞ்சுப் படபடப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் தரும், தெரியாமல் குடிப்பவன் சாகவும் கூடும்.

அடுத்த தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே அவனோடு சேர்ந்து திட்டம் போடுங்கள். யாரோடு போகிறான், எத்தனை மணிக்கு வருவான், கையில் எவ்வளவு காசு. "வேணாம் மச்சான், நாளைக்கு மேட்ச் இருக்கு" என்று சொல்லிப் பழகட்டும், கையில் சோடாப் போத்தலை வைத்துக்கொண்டால் யாரும் ஊற்ற வரமாட்டார்கள், அதை எங்கேயும் வைத்துவிட்டு நகரக் கூடாது. கூட்டாளிகளின் அம்மாமார் இரண்டு பேரிடமாவது முன்கூட்டியே பேசி வையுங்கள், "உங்க மகன் கெடுத்தான்" என்றில்லாமல், "அன்னைக்கு ராத்திரி நம்ம பிள்ளைங்க எங்க இருக்காங்கன்னு ரெண்டு பேரும் பாத்துக்குவோம் அக்கா" என்று. இரவு பத்து மணிக்கு அவன் வாசலுக்கு வரும்போது கிட்டப் போய் இரண்டு வார்த்தை பேசுங்கள், வாசனை தெரியும். சரியாக வந்தால் பலகாரத்தோடு சாப்பாட்டைப் போட்டுவிட்டு, அவனோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள்.