ஒற்றை வரி உத்தரவு

போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி ஒரு காகிதத்தோடு வந்தான். மினி பஸ் பர்மிட் கேட்டிருந்தானாம். 2025-ல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டப்படி ரூட் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் 65 சதவீதமாவது பஸ் போகாத சாலையாக இருக்க வேண்டும். அளந்து பார்த்துத்தான் விண்ணப்பித்திருக்கிறான். வந்த பதில் ஒரே வரி: நிராகரிக்கப்படுகிறது. படித்ததும் எனக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது.

நான்கு வண்டி வைத்திருந்த ஒரு முதலாளியிடம் முப்பது வருடம் கணக்கும் கேஸ் கட்டும் பார்த்தவன் நான். சேர்ந்த புதிதில் 1939-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம். யாராவது புது பர்மிட் கேட்டால் அந்த ரூட்டில் ஓட்டுகிற முதலாளிகள் ஆட்சேபத்தோடு வந்து நிற்பார்கள். நாங்களும் அப்படி நின்றிருக்கிறோம். வருடக்கணக்கில் இழுக்கும். 1989 ஜூலையில் புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. ஏற்கெனவே ஓட்டுகிறவர்கள் புது பர்மிட்டைத் தடுக்க முடியாது என்று மித்திலேஷ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அரசு பஸ்ஸுக்கென்று நோட்டிஃபை ஆன ரூட், அதாவது அறிவிக்கை போட்டு ஒதுக்கிய ரூட், மட்டும் வேறு கணக்கு.

எங்கள் வண்டி கடைசியாக நிற்கும் இடத்துக்கு அப்பால் ஆறு கிலோமீட்டரில் ஒரு கிராமம். விடியற்காலையில் பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் நடந்து வந்துதான் முதல் நடையைப் பிடிப்பார்கள். ரூட்டை அங்கே வரை நீட்டிக்கக் கேட்டோம். "பொதுநலன் கருதி நிராகரிக்கப்படுகிறது" என்று வந்தது. எந்தப் பொதுநலன்? அந்தப் பெண்கள் பொதுமக்கள் இல்லையா?

பர்மிட்டை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், கேட்டவர் தரப்பையும் கேட்க வேண்டும். அந்தப் புதுச் சட்டத்தின் 80-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. நீட்டிப்புக்கும் அதே முறைதான். ராத்திரி பஸ் பிடித்து சென்னைக்குப் போய் மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் அப்பீல் போட்டோம். எத்தனை வாய்தா! கடைசியில் உத்தரவை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாவது உத்தரவும் நிராகரிப்புதான். ஆனால் நான்கு பக்கம். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார், எனக்கோ சந்தோஷம். நாங்கள் கேட்ட பாதையில் இரண்டு கிலோமீட்டர் அரசு பஸ்ஸின் நோட்டிஃபை ஆன ரூட்டில் விழுகிறது என்று தெளிவாக எழுதியிருந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! ஏரிக்கரை வழியாகச் சுற்றி புது வரைபடம் போட்டு மறுபடி கேட்டோம். கிடைத்தது.

தம்பியிடம் முதலில் கேட்டது, இந்தக் காகிதம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்றுதான். அப்பீலுக்குக் கெடு உண்டு. கவரைத் தூக்கிப் போட்டுவிட்டானாம். வீட்டுக்கு ஓடிப்போய் குப்பைக்கூடையைக் கிளறி எடுத்து வந்தான். தபால் முத்திரை நன்றாகவே தெரிந்தது. நாளைக் காலையில் இரண்டு பேரும் வக்கீலைப் பார்க்கப் போகிறோம்.