வீசிங் பிள்ளைக்கு அலர்ஜி டெஸ்ட் எடுக்கப் போகிறீர்களா?

தண்டையார்பேட்டையில் எந்தப் பிள்ளைக்கு வீசிங் வந்தாலும் மணலி, எண்ணூர் ஆலைப் புகையைத்தான் முதலில் திட்டுவோம், அது நியாயமும்கூட. ஆனால் மெத்தைக்குள் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணி இருக்கிறது, கடலோர ஈரக்காற்றில் நன்றாகப் பெருகும், அப்புறம் கரப்பான். இவற்றின் கழிவிலுள்ள புரதத்துக்கு எதிராகச் சில பிள்ளைகளின் உடம்பு அலர்ஜியைக் கிளப்பும் ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்பொருளை உருவாக்கிவிடுகிறது. டெஸ்டில் முன்கையில் இந்த மாதிரி அலர்ஜிப் பொருளின் சாற்றைச் சொட்டு வைத்து லேசாகக் குத்தி, 15 நிமிடம் கழித்துத் தடிப்பு எழுகிறதா என்று பார்ப்பார்கள். செட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரையை டாக்டரிடம் கேட்டுச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தடிப்பு சரியாக எழாது. தடிப்பு வந்தாலே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது, பிள்ளைக்கு வரும் தொந்தரவோடு பொருந்த வேண்டும். அதைப் பார்க்காமல் முட்டை, பால் எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை வாட வைக்கிறார்களே, எனக்குத் தாங்கவில்லை. தூசி உண்ணிதான் காரணம் என்றால் மெத்தை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.